ஓடும் நீரில் தங்குவது

1

வேர் இல்லாமல் வாழ்வது பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாயிற்று. ஊரை விட்டுப் போனவன், ஊரிலிருந்துகொண்டே அந்நியனானவன், எந்த அறையிலும் தங்க முடியாதவன் என்று நம் கவிதையில் குடியேறியவர்கள் அநேகம். இவர்களுடைய துக்கம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தங்க இடமில்லாமை என்பதை ஸ்தூலமாக, எத்தனை அடி அகலத்தில், எந்த மாதத்தில், எதை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டு என்ற அளவில் யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. தத்துவப் பிரச்னைகள் அளவுகளுக்குள் கொண்டுவரப்படும்போதுதான் ஒழுக்கப் பிரச்னைகளாகின்றன என்பது என் எண்ணம். ஆகவே அளவுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் 'நாரோபோட்' என்று ஒருவகைப் படகு உண்டு. பெயரே ஒடுக்கமான படகு என்றுதான் பொருள்படும். அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் 70 அடி வரை போகும். இந்த அகலம் யாருடைய ரசனையும் இல்லை. 18ம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டியவர்கள் செலவைக் கருதி நீர்ப்பூட்டுகளை 7 அடி அகலத்துக்குக் கட்டினார்கள். படகு அதற்குள் நுழைந்தாக வேண்டும். நிலக்கரி ஏற்றிச் சென்ற இந்தப் படகுகளுக்கு ரயில் போட்டியாக வந்து கூலி இறங்கியபோது, கரையில் வீட்டு வாடகை கட்ட முடியாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பின்பக்கம் பத்தடி நீளத்துக்கு ஓர் அறை. அதற்குள் அடுப்பு, படுக்கை, குழந்தைகள். நெரிசல் தாங்காமல் 1877லும் 1884லும் பாராளுமன்றம் சட்டம் போட்டு, ஒரு படகில் எத்தனை பேர் உறங்கலாம் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. இன்று சுதந்திரத்தின் சின்னமாகப் படங்களில் காட்டப்படும் படகு வாழ்க்கை, வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பங்களின் கடைசி யுக்தியாகத் தொடங்கியது.

அதைச் சின்னமாக்கியதில் எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளருக்குப் பெரிய பங்குண்டு. பொறியியல் படித்தவர். 1939ல் மனைவியுடன் 'கிரெஸி' என்ற பழைய படகில் குடியேறினார். 1944ல் வந்த அவருடைய 'நாரோ போட்' நூலைப் படித்துவிட்டுத்தான் பலரும் பாழாகிக் கிடந்த கால்வாய்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். 1946ல் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கமே பிறந்தது. ஆனால் அந்தப் படகு யுத்த காலத்தில் 1941லிருந்து 1946 வரை டார்டிபிக் என்ற ஒரே இடத்தில் கட்டிக் கிடந்தது. நகர்தலைப் பாடிய நூல் வெளியானபோது பாடியவர் நகராமல் இருந்தார். இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. படகு வாழ்க்கையின் உண்மை இந்தக் கட்டிக் கிடத்தலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோடையில் படகு ஓர் உல்லாசம். அது வீடா இல்லையா என்பது குளிர்காலத்தில்தான் தெரியும். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் உள்ளிருக்கும் மூச்சுக் காற்றே நீராகி வழிந்து படுக்கையை நனைக்கிறது. கரி அடுப்பு அணைந்தால் இரும்பு உடல் சில்லிட்டுப் போகிறது. குடிதண்ணீர் பிடிக்கும் குழாய் உறைந்துவிடுகிறது. கால்வாயை நிர்வகிப்பவர்கள் பழுதுபார்க்க வசதியான காலம் என்று குளிர்காலத்தில் ஆங்காங்கே நீர்ப்பூட்டுகளை மூடிவிடுகிறார்கள். மேலே பனிக்கட்டி படர்ந்தால் எங்கும் போக முடியாது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. ஏற்கெனவே நொடித்துக்கொண்டிருந்த படகுச் சரக்கு வியாபாரம் அதற்குப் பிறகு தலைதூக்கவேயில்லை. கரியும் டீசலும் கொண்டுவரும் எரிபொருள் படகுக்காகக் காத்திருப்பதும், பக்கத்துப் படகின் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று காலையில் எட்டிப் பார்ப்பதும்தான் அப்போது மிஞ்சுகிற வாழ்க்கை. நினைத்தால் போய்விடலாம் என்பதை நம்பித்தான் ஒருவன் படகில் ஏறினான். குளிர்காலம் அந்த ஒன்றை அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகும் அவன் அங்கே இருந்தால், எந்த உரிமையில் இருக்கிறான்? நிலம் அவனுடையதல்ல, தண்ணீரும் அவனுடையதல்ல. போகவும் முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

2

இந்தப் படகைத் தாமிரபரணிக்குக் கொண்டுவந்து மிதக்கவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. ஏன் முடியாது என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை ஆறு ஓடுவது 130 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் 8 அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியானது 19ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. இவற்றிலிருந்து இரு கரையிலுமாக 11 கால்கள் பிரிந்து, 86 ஆயிரம் ஏக்கர் அளவுக்குப் பாய்கின்றன. இங்கிலாந்தின் கால்வாய் சரக்குக்காக வெட்டியது. இரண்டு நீர்ப்பூட்டுகளுக்கிடையே தண்ணீர் ஏறக்குறைய நிற்கும். நிற்பதால்தான் அதன்மேல் வீடு மிதக்கிறது. நம் கால் பயிருக்காக வெட்டியது. அதில் தண்ணீர் நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். கார் பருவத்துக்கும் பிசானத்துக்கும் திறந்துவிடுவார்கள். பிசானம் அறுப்பானதும் கோடையில் கால் வறண்டு, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். வருஷத்தில் சில மாதங்கள் தரையில் உட்கார்ந்துவிடும் படகு யாருக்கு வேண்டும்?

கன்னடியன் கால் வெட்டப்பட்டது பற்றி ஒரு கதை உண்டு. பல விதமாகச் சொல்கிறார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவன், தனக்குக் கிடைத்த பொருளை நல்ல காரியத்துக்குச் செலவிட நினைத்து, அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னால் போனான். பசு போன வழியெல்லாம் கால். அது நின்ற இடத்தில் மடை. படுத்த இடத்தில் குளம். புராணமாகக் கேட்டால் புராணம். ஆனால் மேய்ச்சல் மாடு சரிவில் நடக்கும்போது செங்குத்தாக ஏறாது, இறங்காது. மட்டத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றிப் போகும். வாய்க்கால் வெட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதே கோடுதான். 18ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி இங்கிலாந்தில் வெட்டிய கால்வாய்களும் இப்படித்தான் நில மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகின்றன. ஆனால் நம் கதை கோட்டை மட்டும் சொல்லவில்லை. மடையையும் குளத்தையும் சேர்த்தே சொல்கிறது. தண்ணீர் எங்கே பிரிய வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பது பாதையின் பகுதியாகவே வருகிறது. தங்கலும் போக்கும் அந்தக் கதையில் எதிரிகள் இல்லை.

மொழியிலும் இது இருக்கிறது. வாய்க்காலைத் திருநெல்வேலிப் பக்கம் வெறுமே 'கால்' என்றே சொல்வோம்: மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால். கால் என்றால் நடப்பது; காற்றுக்கும் பெயர் கால். ஓடுவதையும் வீசுவதையும் குறிக்கிற இதே சொல்லை நன்னூல் ஏழாம் வேற்றுமையில், இடத்தைக் குறிக்கும் உருபுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 'வாய்' என்பதும் உண்டு. ஆக, கால்வாய் என்ற சொல்லில் இரண்டு இடப்பொருள்கள் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. சொல்லாராய்ச்சியிலிருந்து தத்துவம் கறப்பது அபாயகரமான வேலை என்று தெரியும். இதை நிரூபணமாகச் சொல்லவில்லை. இடம் என்பதும் ஓட்டம் என்பதும் ஒன்றையொன்று விலக்கியே ஆகவேண்டும் என்ற அவசியம் நம் வாய்க்கு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

3

படகு இல்லை. ஆனால் காலின் மேலேயே குளிர்காலத்தைக் கழிப்பவன் ஒருவன் உண்டு. அவனுக்குப் பெயர் லஸ்கர்.

இந்தச் சொல்லின் பிரயாணம் விசித்திரமானது. பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை. போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போய், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிக்குப் பெயராயிற்று. பட்டாளத்தில் கூடாரம் அடிப்பவனுக்கும் பீரங்கி இழுப்பவனுக்கும் ஆயிற்று. கடைசியில் பொதுப்பணித் துறையில் மதகைத் திறந்து மூடுகிறவனிடம் வந்து நின்றது. படகு ஓடாத வாய்க்காலின் கரையில் ஒரு மாலுமியின் பெயரோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

கன்னடியன் காலில் வேலைபார்த்த லஸ்கர் ஒருவரை எனக்குத் தெரியும். தலைமதகுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை. சுவரில் சாக்கு, மூங்கில் கழி, கிரீஸ் டப்பா, அரிக்கேன் விளக்கு. அறையின் நீளம் பத்தடிக்கு மேல் இராது. ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் பிசானத்து நாற்றங்கால் தேறும் வரை அவர் வீட்டுக்குப் போவது அபூர்வம். சாப்பாடு தூக்குவாளியில் வரும். காலையும் மாலையும் கேஜ் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மிதந்துவரும் ஆகாயத்தாமரையையும் வாழைமட்டையையும் கழியால் தள்ளிவிட வேண்டும். ஷட்டரின் திருகைச் சுற்ற வேண்டும்.

ஒரு நாள் கேட்டேன்: "ராத்திரி தண்ணி ஏறுனா எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"கேஜ் எழுதுறதெல்லாம் ஆபீசுக்குத் தம்பி. படுத்துக் கெடக்கும்போது காலுல சத்தம் மாறும், முழிப்பு வந்துரும். சத்தம் கூடுனா பயமில்ல. சத்தம் நின்னுச்சின்னாத்தான் எந்திரிச்சு ஓடணும்."

பிறகு யோசித்தபோதுதான் அதன் காரணம் புரிந்தது. ஷட்டருக்கடியில் தண்ணீர் பாய்ந்து விழும்போது இரைச்சல் இருக்கும். அந்தப் பக்கம் காலில் மட்டம் ஏறி, விழுவதற்கு இடமில்லாமல் மதகே முங்கிவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும். அமைதிதான் ஆபத்து. படகில் உறங்குபவனும் இப்படித்தான், கயிற்றின் இழுப்பிலும் படகின் சாய்விலும் நீரின் மாற்றத்தை உறக்கத்திலேயே அறிகிறான் என்று படித்திருக்கிறேன்.

ஆனால் இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படகுக்காரன் விழிப்பது தன் படகுக்காக. லஸ்கர் விழிப்பது, அவர் பார்த்தேயிராத ஒரு கடைமடைக்காரனுக்காக. திருகை இரண்டு சுற்று அதிகம் சுற்றினால் ஒருவனுடைய நாற்று முங்கும். குறைத்துச் சுற்றினால் இன்னொருவனுடைய நாற்று காயும். அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவருடையதல்ல. ஆனால் அவர் கை படாமல் அது எங்கும் போவதில்லை. உடைமைக்கும் நாடோடித்தனத்துக்கும் வெளியே குடியிருப்பதற்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்றால், காவல் என்பதே அதற்குப் பொருத்தமான பெயர் என்று நினைக்கிறேன்.

லஸ்கரை ஞானியாக்குவது என் நோக்கமில்லை. சம்பளம் சொற்பம். அறை உத்தியோகத்தோடு போய்விடும். அறுப்பு சமயத்தில் மேல்மடைக்காரர்கள் கொடுக்கும் நெல்லை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கடைமடைக்காரன் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பதால் அவன் பங்கு நினைவுக்கு வராமல் போகும் நாட்களும் உண்டு. காவல் என்பது சுத்தமான தர்மம் அல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கும் தூரத்தில் இருப்பவனுக்கும் நடுவே தினமும் நிகழும் இழுபறி. அப்படியிருந்தும் அந்த இழுபறிக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இன்று ஆளில்லாத மதகுகள் பெருகிவிட்டன. தண்ணீருக்கு யாரும் விழித்திருக்கவில்லை என்பதை நாம் சிக்கனம் என்று கணக்கெழுதுகிறோம்.

4

வேரூன்றலை மகோன்னதமாக்கிய தத்துவம் ஒன்று உண்டு. ஹைடெக்கர் 1951ல் 'கட்டுதல், குடியிருத்தல், சிந்தித்தல்' என்ற உரையை நிகழ்த்தினார். குடியிருப்பதுதான் மனித இருப்பின் அடிப்படை என்று சொல்லி, கறுங்காட்டில் இருநூறு வருஷப் பழமையுள்ள குடியானவன் வீடு ஒன்றை உதாரணம் காட்டினார். அழகான உரை. ஆனால் மண்ணையும் வேரையும் பற்றிப் பேசிய ஒரு கட்சியில் அவர் 1933ல் சேர்ந்தவர் என்பதையும், வேரற்றவர்கள் என்று அந்தக் கட்சி முடிவு கட்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மறந்துவிட்டு அதைப் படிக்க என்னால் முடிவதில்லை. எதிர்த் திசையில், வேரறுத்தலையே விடுதலையாகக் கொண்டாடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. அதைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போவதற்கு ஒரு வீடு உள்ளவர்கள்.

இதில் நாடோடிகள் தாங்களே வகுத்துக்கொண்ட விதி எனக்கு அதிக வெளிச்சம் தருகிறது. வீட்டைத் துறந்து அலைவதையே தர்மமாகக் கொண்ட பௌத்தத் துறவிகளும் சமணத் துறவிகளும் மழைக்காலத்தில் மட்டும் அலையக் கூடாது. பௌத்தருக்கு மூன்று மாதம், சமணருக்கு நான்கு. பௌத்த விநய நூல் இதற்குச் சொல்லும் காரணம் சுவாரசியமானது. மழையில் இந்தத் துறவிகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்களே, பறவைகள்கூட மழைக்குக் கூடு கட்டி ஒடுங்குகின்றனவே என்று ஜனங்கள் முறையிட்டார்களாம்; அதன் பிறகு மழைக்காலத் தங்கல் விதியாயிற்று. துறவியின் சௌகரியத்துக்காக அந்த விதி பிறக்கவில்லை. அவன் நடந்தால் மற்ற உயிர் நசுங்கும் என்பதற்காகப் பிறந்தது. அதே சமயம் அவன் தங்குவதற்கு இடம் கொடுக்கிற கடமை ஊரார் தலையில் விழுகிறது. அலைகிறவன் மழைக்கு நிற்க வேண்டும். நிலைத்திருப்பவன் அவனுக்கு இடம்விட வேண்டும். இரண்டும் ஒரே விதியின் இரண்டு முனைகள்.

தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலை என்று ஓர் ஊர். அங்குள்ள குன்றின் குகைத் தளத்தில் கல்லில் வெட்டிய படுக்கைகளும், அவற்றைக் கொடுத்தவர் பெயரோடு ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் பழையது. இத்தகைய படுக்கைகளைத் துறவிகளின் மழைக்காலத் தங்கலோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். மறுகால் என்பது குளம் நிரம்பி மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி. தங்கிய பிறகு மிஞ்சுவது போக வேண்டும் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில், போகிறவன் தங்குவதற்கு ஒருவர் கல்படுக்கை கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் அதைப் பெரிய தத்துவமாக நினைத்திருக்க மாட்டார். ஒரு மழைக்கு ஆகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

இந்த விதியின் நிழல் இங்கிலாந்துக் கால்வாய்ச் சட்டத்திலும் விழுந்திருக்கிறது. 1995ம் வருஷச் சட்டப்படி, நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. கேட்டால் கொடூரமாக இருக்கிறது: இடமில்லாதவன் நகர்ந்துகொண்டேயிருக்க வேண்டும். ஆனால் அதே வாசகத்தில், சூழ்நிலைக்கு நியாயமான அளவு அதற்கு மேலும் தங்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். பனிக்கட்டி அந்தச் சூழ்நிலைகளில் ஒன்று. சட்டத்தின் மனிதத்தனம் முழுவதும் இந்த வாலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

5

நம் பக்கம் இந்த வால் இல்லை.

வாய்க்கால் கரையிலும் குளத்தங்கரையிலும் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர்களுக்கு 1905ம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் போட்டு ஒரு காகிதம் கொடுப்பார்கள். 'பி மெமோ' என்று பெயர். நீ இங்கே இருப்பது குற்றம் என்று சொல்கிற காகிதம் அது. ஆனால் அதை வாங்கியவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஏனென்றால், இத்தனாவது வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறேன் என்பதற்கு அரசாங்கத்தின் கையெழுத்தோடு கிடைத்த ஒரே அத்தாட்சி அதுதான். குற்றப்பத்திரிகையையே முகவரியாக வைத்துக்கொண்டு வாழ்கிற நிலையை நம் எந்தக் கவிதையும் இன்னும் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

இவர்கள் அங்கே இருப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. லஸ்கர் விஷயத்தில் சொன்னதை இங்கே கைவிட முடியாது. வாய்க்கால் கடைமடைக்காரனுடையது, அதை நெரிப்பவன் ஏழையானாலும் நெரிப்பு நெரிப்புதான். 2007ல் குளங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமும் வந்தது, தேவையான சட்டம். ஆனால் திருநெல்வேலியின் புதிய பஸ் நிலையத்துக்கு வேய்ந்தான்குளம் என்று பெயர் வந்தது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். மழைதோறும் அங்கே தேங்கும் தண்ணீர் பதில் சொல்லும். சென்னையில் வள்ளுவருக்குக் கோட்டம் எழுந்ததும் ஏரி இருந்த இடத்தில்தான். பெரியவர்கள் தண்ணீரில் குடியேறினால் அது வளர்ச்சி. கூரை போட்டவன் குடியேறினால் ஆக்கிரமிப்பு. தண்ணீருக்கு இந்தப் பேதம் தெரியாது என்பதை அது அவ்வப்போது நினைவூட்டுகிறது.

2023 டிசம்பரில் நினைவூட்டியது. 18ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பகுதியில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தாமிரபரணியின் இரு கரையிலும் பட்டா உள்ள வீடு, இல்லாத வீடு என்ற வித்தியாசமில்லாமல் தண்ணீர் உள்ளே வந்தது.

17ம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போயிருந்தன. உள்ளே சுமார் 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுபோக முடிந்தது. அதற்குள் பாதை அறுந்தது. ஏறக்குறைய 500 பேர் 19ம் தேதி வரை ரயிலிலும் நிலையத்திலுமாக இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர், நடுவே நீளமான, ஒடுக்கமான ஒரு வண்டி. இங்கே மிதக்கவிட முடியாது என்று நான் சொன்ன படகு, இரண்டு ராத்திரிகளுக்கு இங்கே நின்றது என்று அந்தச் செய்தியைப் படித்தபோது தோன்றியது.

ராணுவம் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, கடைசியில் நடந்தும் பஸ்களிலுமாக வாஞ்சி மணியாச்சி போய் வேறு ரயில் ஏறினார்கள். ஆனால் அதற்கு முன்னால், பக்கத்துப் புதுக்குடி ஊரார் இருந்த அரிசியை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். வெள்ளம் சூழ்ந்தது அந்த ஊரையும்தான். வந்தவர்கள் யார், எந்த ஜாதி, எந்த ஊர், டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. இதை மனித நேயம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சொல் தேய்ந்துபோய்விட்டது, எனக்குப் போதவில்லை. மறுகால்தலையில் படுக்கை கொடுத்தவரின் விதி அங்கே செயல்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது: போகிறவன் மழையில் அகப்பட்டுக்கொண்டால், அவன் தங்குவதற்குக் காரணம் கேட்கக் கூடாது. போக முடியாமல் தங்குபவனுக்கு வேறு உரிமைப் பத்திரம் தேவையில்லை, மழையே போதும். முதலில் நான் கேட்ட கேள்விக்கு, எந்த உரிமையில் அவன் அங்கே இருக்கிறான் என்பதற்கு, என்னால் கண்டுபிடிக்க முடிந்த பதில் இதுதான்.

இந்தப் பதிலின் விஸ்தீரணம் சிறியது என்று எனக்குத் தெரியும். நிலம் யாருக்கு என்ற பெரிய கேள்வியை இது தீர்க்காது. வாய்க்கால் கரையில் இருப்பவர்களுக்கு நிரந்தர உரிமையையும் தராது. ஆனால் இரண்டு காரியங்களைக் கேட்கிறது. ஒன்று, ஒவ்வொரு மதகிலும் இரவில் சத்தம் கேட்டு விழிக்க ஓர் ஆள். மற்றது, ஐப்பசி முதல் மார்கழி முடிய ஒருவனையும் அவன் கூரைக்கடியிலிருந்து பெயர்க்காமல் இருப்பது. வெள்ளம் வந்த மறுநாளே, கரையில் இருந்தவர்களால்தான் வெள்ளம் வந்தது என்று நோட்டீஸோடு கிளம்புவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பிசானம் அறுப்பாகட்டும். கால் வறளட்டும். அதற்குப் பிறகு அளவுச் சங்கிலியோடு வரட்டும். போகச் சொல்கிறவன் எங்கே போவது என்பதையும் சொல்லிக்கொண்டு வரட்டும். வரும்போது வேய்ந்தான்குளத்திலிருந்து அளந்துகொண்டு வந்தால் நல்லது.